போன்ல பாடினாலும் தேவாரம் தேவாரம்தான்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

அடுத்த வாரம் ஆலய நிர்வாகக் கூட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆன்லைன்ல நடக்கிற தேவார வகுப்பைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று அதுல பேசப் போறாங்க. "கோயில் திறந்து எவ்வளவு நாளாச்சு, சனிக்கிழமை மண்டபத்துல வகுப்பு நல்லாத்தானே நடக்குது, இன்னும் எதுக்கு போன்ல பாடிக்கிட்டு?" என்று சிலர் கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் அந்த வகுப்புல ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. நான் முதல் நாள்ல இருந்து உட்கார்ந்திருக்கேன். எனக்குப் பாட வராது. பாய் விரிக்கிறது, சுக்குக் காப்பி போடறது, அந்தக் காலத்துல லிங்க் அனுப்பறது, இதுதான் என் தொண்டு. ஓரமா இருந்து பார்த்ததை எழுதறேன். கூட்டத்துல அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடியாது.

நம்ம டீச்சர் இருக்கிறது பிரிக்பீல்ட்ஸ்ல. முன்னெல்லாம் சனிக்கிழமை தவறாம கேஎல் சென்ட்ரல்ல கொமுட்டர் ஏறி கிள்ளான்ல வந்து இறங்குவாங்க. ஒரு தோள்ல கைப்பை, இன்னொரு தோள்ல சுருதிப்பெட்டி. சாயங்காலம் 5 மணிக்கு வகுப்பு. பிள்ளைங்க முன்வரிசை, பெரியவங்க பின்வரிசை, தூணுக்குப் பக்கத்துல பாட்டிங்க. முப்பது பேருக்குக் குறையாது. டீச்சர் ஒரு அடி சொல்லுவாங்க, எல்லாரும் சேர்ந்து திருப்பிப் பாடுவாங்க. மலேசிய இந்து சங்கத்தோட திருமுறை ஓதும் விழா நெருங்கும்போது மட்டும் பிள்ளைங்களைத் தனித்தனியா பாட வைப்பாங்க. பெரியவங்களை யாரும் தனியா பாடச் சொன்னது கிடையாது. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துச்சு. கோயில் கதவைச் சாத்தினோம். குருக்கள் மட்டும் உள்ளே பூசை. ரெண்டு வாரம்தான்னாங்க, அப்புறம் இன்னும் ரெண்டு வாரம், அப்புறம் இன்னும் ரெண்டு வாரம். ஏப்ரல்ல வீட்டுல இருந்து 10 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம். பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவுல 30 கிலோமீட்டர் இருக்கும். எந்தக் கணக்குலயும் டீச்சர் வர முடியாது.

மூணாவது வாரம் டீச்சர் எனக்கு போன் பண்ணாங்க. "ஐயா, பிள்ளைங்க மறந்துடுவாங்க. நான் பாடி வாட்ஸ்அப்ல அனுப்பறேன், குரூப்ல போட்டுவிடுங்க"ன்னாங்க. ரெண்டு ரெண்டு அடியா பாடி அனுப்புவாங்க. பின்னாடி ஃபேன் சத்தம், கீழே ரோட்டுல போலீஸ் வண்டி சைரன், எல்லாம் சேர்ந்து வரும். பத்து நாள்ல பதில் வர ஆரம்பிச்சுது. பிள்ளைங்க பாடி அனுப்புச்சுங்க. அதுக்கப்புறம்தான் ஸூம்.

அந்த நேரத்துல கைத்தொலைபேசி நிறுவனங்கள் எல்லாருக்கும் நாளைக்கு 1 ஜிபி இலவச டேட்டா கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? ஏப்ரல் 1-ல இருந்து. ஆனா காலை 8 மணியில இருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும்தான். எங்க வகுப்பு எப்பவும்போல 5 மணிக்கு, ஆனா 6 மணி அடிக்கிறதுக்குள்ள முடிஞ்சாகணும். ஸூம் காசு கட்டாம நாப்பது நிமிஷம்தான் விடும். ஆக நாப்பது நிமிஷத்துக்குள்ள விநாயகர் துதியில இருந்து வாழ்த்து வரைக்கும் ஓதி முடிக்கணும். முதல் ரெண்டு வாரம் வாழ்த்துல பாதியில அறுந்து போச்சு. அப்புறம் டீச்சர் பக்கத்துல ஒரு அலாரம் கடிகாரம் வச்சுக்கிட்டாங்க.

சத்தம் எப்படி இருந்துச்சுன்னு கேட்கிறீங்களா? மோசம். உள்ளதைச் சொல்லணும். மண்டபத்துல அந்தக் கல்லுத் தரையிலயும் தூண்லயும் பட்டு வர்ற ஓசை எங்கே, போன் ஸ்பீக்கர்ல தகர டப்பா மாதிரி வர்ற ஓசை எங்கே. அதைவிடக் கொடுமை, சுருதிப்பெட்டி காணாமப் போச்சு. டீச்சர் வீட்டுல அது ஓடிக்கிட்டே இருக்கு, நமக்குக் கேட்கவே இல்ல. ஒரே மாதிரி விடாம வர்ற சத்தத்தை இந்த மென்பொருள் ஃபேன் சத்தம், ஏர்கான் சத்தம்னு நினைச்சு அழிச்சுடுதாம். படிவம் 4 படிக்கிற தம்பி ஒருத்தன்தான் கண்டுபிடிச்சு, அசல் ஒலியை அப்படியே அனுப்புன்னு ஒரு அமைப்பு இருக்குன்னு டீச்சருக்குப் போன்லயே சொல்லிக்கொடுத்தான். அன்னிக்கு சுருதி கேட்டதும் குரூப்ல எல்லாரும் கும்பிடுற கை படமா போட்டுத் தள்ளினாங்க.

அடுத்த பிரச்சினைதான் பெரிசு. சேர்ந்து பாட முடியல. ஒருத்தர் குரல் இன்னொருத்தருக்குப் போய்ச் சேர ஒரு வினாடியில பத்துல ஒரு பங்காவது ஆகுது, லைன் சரியில்லன்னா இன்னும் கூட. பேசறதுக்கு அது தெரியாது. பாட்டுல ஒரு அடி தள்ளிப்போகும். முப்பது பேர் சேர்ந்து பாடினா சந்தையில கத்தற மாதிரி இருந்துச்சு. டீச்சர் யோசிச்சுட்டு ஒரு முடிவு சொன்னாங்க. "எல்லாரும் மியூட் போட்டுக்கங்க. நான் பாடறப்போ நீங்க வீட்டுல கூடப் பாடுங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிடறேன். கூப்பிட்டவங்க மட்டும் மைக்கைத் திறந்து பாடுங்க. மத்தவங்க கேளுங்க."

நான் சொல்ல வந்ததே இதைத்தான். வேற வழியில்லாம செஞ்ச இந்த ஏற்பாடுதான் எங்களைத் தூக்கி நிறுத்துச்சு.

மண்டபத்துல முப்பது குரலுக்குள்ள நம்ம குரல் ஒளிஞ்சுக்கும். வந்தோம், பாடினோம், பிரசாதம் வாங்கினோம், போனோம். ஒருத்தர் குரல் எப்படி இருக்கும்னு பக்கத்துல உட்கார்ந்தவருக்கே தெரியாது. இங்கே வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. நீங்க பாடறீங்க. இருபது பேர் வாயை மூடிக்கிட்டு உங்களை மட்டும் கேட்கிறாங்க. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு, வேலை என்னாகும்னு தெரியாம, அடுத்த வீட்டுக்காரரைக்கூடப் பார்க்காம கிடந்த அந்த மாசங்கள்ல, ஒருத்தர் நம்மளை முழுசா ஒரு நிமிஷம் கேட்கிறாங்கங்கிறது சின்ன விஷயமில்ல.

தாமான் செந்தோசா பக்கத்துல இருந்து ஒரு பாட்டி வருவாங்க. எழுபது தாண்டியிருக்கும். நாலு வருஷமா தூணுக்குப் பக்கத்துல உட்கார்ந்து பாட்டுத்தாளைக் கையில வச்சுக்கிட்டு வாயை அசைச்சுக்கிட்டு இருந்தவங்க. ஆன்லைன்ல அவங்க பேரனோட போன்ல வந்தாங்க. டீச்சர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பாட்டி பாடினாங்க. தாள் இல்லாம, கண்ணை மூடிக்கிட்டு, நாலு அடியும். குரல் கொஞ்சம் நடுங்குச்சு, சொல் ஒண்ணுகூடத் தப்பல. டீச்சர் "பாட்டி, தாளைப் பார்க்காமலே பாடறீங்களே"ன்னு கேட்டதுக்கு, "எனக்கு எழுத்து தெரியாதும்மா. தோட்டத்துல பால் மரம் வெட்டப் போன பிள்ள நானு. இப்போ நீ போன்ல பாடி அனுப்பறியே, பேரன் போட்டுக்கொடுப்பான், சட்டி கழுவும்போது கேப்பேன், அப்படியே ஒட்டிக்கிச்சு"ன்னாங்க.

நாலு வருஷம் அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. படிக்கத் தெரியாதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறம் பாட்டிக்குச் சனிக்கிழமைன்னா காலையில இருந்தே பரபரப்பாம். 4 மணிக்கே சேலை மாத்தி, விபூதி பூசி, போன் முன்னாடி உட்கார்ந்துடுவாங்கன்னு பேரன் சொல்வான். வீட்டுல எல்லாரும் அவங்களைப் பார்த்துக்கிட்டது போக, அன்னிக்கு ஒரு நாள் வீடே அவங்க பாடறதைக் கேட்கும்.

கொள்கலன் லாரி ஓட்டற அண்ணன் ஒருத்தர். நாடே மூடினாலும் துறைமுகம் மூடல, அதனால அவருக்கு ஓய்வே இல்ல. துறைமுகத்துல லாரி வரிசையில நிக்கும்போது வண்டியில இருந்தே சேருவார். ஹாரன் சத்தத்துக்கு நடுவுல அவர் பாட்டு. மண்டபத்துல அவரை நாங்க வருஷத்துக்கு நாலு நாள் பார்த்தா அதிகம். சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு எப்பவும் ஓட்டம். இப்படி வகுப்புக்கு வர ஆசை இருந்தும் கால் இல்லாதவங்க எத்தனை பேர் நம்ம கோயிலைச் சுத்தி இருந்திருக்காங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. ராத்திரி ஷிப்ட் போற தாதி ஒருத்தவங்க, முட்டி வலியில படி ஏற முடியாத ஆண்ட்டி, கைக்குழந்தை வச்சிருக்கிற பொண்ணு ஒண்ணு.

டீச்சர் முதல்ல எடுத்தது திருநீலகண்டப் பதிகம். ஏன்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஞானசம்பந்தர் அடியார் கூட்டத்தோட கொங்குநாட்டுல திருச்செங்கோட்டுக்குப் போனப்போ, கூட வந்தவங்களுக்குக் குளிர்சுரம் கண்டுச்சு. அப்போ பாடினது. சேக்கிழார் பெரியபுராணத்துல சொல்லியிருக்கார். ஊரு விட்டு ஊரு போன இடத்துல கூட்டத்துக்கே காய்ச்சல் வந்தா எப்படி இருந்திருக்கும்! முன்னாடி இதைப் படிச்சப்போ கதையா படிச்சோம். 2020-ல படிச்சப்போ செய்தி மாதிரி இருந்துச்சு. பண் வியாழக்குறிஞ்சி, இப்போ சௌராஷ்டிர ராகத்துல பாடறாங்க. கச்சேரியில மங்களம் பாடுவாங்களே, அந்த ராகம். பயமுறுத்தாத ராகம்.

டீச்சர் முதல் நாளே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிட்டாங்க. "இதைப் பாடினா கொரோனா வராதுன்னு யாரும் வெளியில போய்ச் சொல்லாதீங்க. முகக்கவரி போடுங்க, கை கழுவுங்க, டாக்டர் சொல்றதைக் கேளுங்க. பதிகம் பயத்துக்கு." அந்த நேரத்துல வாட்ஸ்அப்ல சுத்தின வைத்தியக் குறிப்புகளைப் பார்த்து நொந்துபோயிருந்த எனக்கு அந்த நாலு வாக்கியம் பெரிய ஆறுதல்.

அந்தப் பதிகத்தை ஆளுக்கு ஒரு பாட்டா பிரிச்சுக்கொடுத்தோம். ஆறாவது பாட்டுக்கு அப்புறம் எட்டாவது. ஒரு சின்னப் பொண்ணு, "டீச்சர், ஏழாம் நம்பர் எங்க? பேஜ் மிஸ்ஸிங்கா?"ன்னு கேட்டுச்சு. ஏழாவது பாட்டு கிடைக்கலன்னு டீச்சர் சொன்னதும் பிள்ளைங்களுக்குத் தூக்கம் போச்சு. எப்படித் தொலைஞ்சுது, யார் தொலைச்சாங்க? அன்னிக்குப் பாட்டை நிறுத்திட்டு அந்தப் பழைய கதையைச் சொன்னாங்க. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில பூட்டியிருந்த அறையைத் திறந்தப்போ ஏடுகளைக் கரையான் மூடியிருந்துச்சு, மிச்சம் இருந்ததைத்தான் எடுத்தாங்க. எடுத்த பாட்டுக்கும் பண் என்னன்னு தெரியல. திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில வந்த ஒரு அம்மா திருஎருக்கத்தம்புலியூர்ல இருந்தாங்க, அவங்கதான் பண்ணை எடுத்துக் கொடுத்தாங்கன்னு திருமுறைகண்ட புராணம் சொல்லுது. "ஓலையில சொல் இருக்கும், ராகம் இருக்காது. அது ஒருத்தர் வாயில இருந்து இன்னொருத்தர் காதுக்குத்தான் போகும். இப்போ நடுவுல ஒரு போன் இருக்கு, அவ்வளவுதான்"ன்னாங்க டீச்சர். எழுத்து தெரியாத பாட்டி அந்தப் பக்கம் தலையாட்டிக்கிட்டு இருந்தாங்க.

நம்ம ஊருல மட்டும் இது நடக்கல. 2020 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஸ்காஜிட்னு ஒரு இடம், ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடினாங்க. 61 பேர். ரெண்டரை மணி நேரம் சேர்ந்து பாடினாங்க. ஒருத்தருக்குச் சளி அறிகுறி இருந்திருக்கு. 53 பேருக்கு நோய் கண்டு ரெண்டு பேர் இறந்துட்டாங்க. உரக்கப் பாடும்போது மூச்சுத்துளி எவ்வளவு தூரம் போகும்னு உலகமே அதை வச்சுத்தான் பேசுச்சு. மூடின மண்டபத்துல நாம சேர்ந்து பாடினதும் அப்படித்தானே? அதனால கோயில் திறந்தப்புறமும் ரொம்ப நாள் கூட்டுப் பாட்டு கூடாதுன்னு வச்சிருந்தோம். சில பேர் வருத்தப்பட்டாங்க, ஆனா அது சரியான முடிவு.

அதே பாட்டு இன்னொரு பக்கம் மருந்துமாதிரி உதவியிருக்கு. லண்டன்ல இங்கிலீஷ் நேஷனல் ஓபராவும் இம்பீரியல் காலேஜ் ஹெல்த்கேர் மருத்துவமனைகளும் சேர்ந்து, கொரோனா வந்து போய் மாசக்கணக்குல மூச்சுத்திணறலோட இருந்தவங்களுக்கு ஆன்லைன்ல ஆறு வாரம் பாட்டும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாங்க. என்ன பாட்டு தெரியுமா? தாலாட்டு. 150 பேரை வச்சு ஆராய்ச்சி பண்ணி 2022-ல வெளியிட்டாங்க. உடம்புக் கணக்குல பெரிய வித்தியாசம் தெரியல, மனசு சம்பந்தப்பட்ட கணக்குல முன்னேற்றம் இருந்துச்சுன்னு நேர்மையா எழுதியிருக்காங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. நம்ம வகுப்புலயும் யாருக்கும் சர்க்கரை குறையல, முட்டி வலி போகல. தூக்கம் வந்துச்சுன்னு சொன்னவங்க இருக்காங்க. நீளமா மூச்சு விட்டு ஒரு அடியைப் பாடி முடிக்கும்போது நெஞ்சுல இருந்த படபடப்பு அடங்குதுன்னு தாதி சொன்னாங்க. நோயாளிங்களை நாள் பூரா பார்த்துட்டு வந்த ஆள் சொன்னது, நான் அதை நம்பறேன்.

2021 ஜனவரி 28 தைப்பூசம். கோலாலம்பூர் மாரியம்மன் கோயில்ல இருந்து ரதம் பக்தர் கூட்டம் இல்லாம பத்துமலைக்குப் போன வருஷம். காவடி இல்ல, தண்ணீர்ப்பந்தல் இல்ல. அன்னிக்கு டீச்சர் கேட்காமலே எல்லாரும் ஸூம்ல வந்துட்டாங்க. திருப்புகழ் பாடினோம். லாரி அண்ணன் அழுதுட்டார், அவர் பதினெட்டு வருஷமா காவடி எடுக்கிறவர்.

அந்த வருஷம் ஜூன், ஜூலைதான் தாங்க முடியாதது. மறுபடியும் முழு அடைப்பு. சிலாங்கூர்லதான் நோய் அதிகம். வீட்டு வாசல்ல வெள்ளைக்கொடி கட்டினவங்களுக்கு அரிசி, பருப்பு, பால்மாவு கொண்டுபோய்ப் போட்டுட்டு வருவோம். ஆகஸ்ட்ல நாட்டுல ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல நோய். கோயில் வாட்ஸ்அப் குரூப்பைத் திறக்கவே பயமா இருந்துச்சு.

எங்க வகுப்புல ஒரு அக்காவோட கணவர் ஜூலையில தவறிட்டார். ஐம்பதைத் தாண்டாத மனுஷன். மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்போ பார்த்ததுதான், அப்புறம் முகம் பார்க்கல. மின்சுடலைக்குப் போனது நாலு பேர், அதுவும் தள்ளி நின்னு. வீட்டுல கூடி சிவபுராணம் ஓத ஆளில்ல. அக்காவும் பிள்ளைங்களும் தனிமைப்படுத்தல்ல. யாரும் வாசப்படி மிதிக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை அக்கா ஸூம்ல வந்தாங்க. கேமரா அணைச்சிருந்துச்சு. பேர் மட்டும் கறுப்புக் கட்டத்துல. எனக்குக் கை ஓடல. குரூப்ல ஒருத்தர் எனக்குத் தனியா செய்தி அனுப்பினார், "இன்னும் பதினாறாவது நாள் கருமக்கிரியை முடியல, தீட்டு இருக்கே, வகுப்புல இருக்கலாமா?"ன்னு. அவரும் கெட்ட எண்ணத்துல கேட்கல, நமக்கெல்லாம் வளர்ந்த பழக்கம் அப்படி. டீச்சர்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். "தீட்டு சன்னதிக்கு. அந்தப் பொண்ணு அவ வீட்டுலதானே உட்கார்ந்திருக்கா? திருநாவுக்கரசர் சூலை நோயில துடிச்சுக்கிட்டு திருவதிகையில முதல் பதிகம் பாடினார். வலி போனப்புறமா வந்து பாடினார்? அவ இருக்கட்டும்"ன்னாங்க.

அன்னிக்கு டீச்சர் அந்தப் பதிகத்தையே எடுத்தாங்க. கொல்லிப் பண். யாரையும் கூப்பிடல, அவங்களே பாடினாங்க, நாங்க மியூட்ல. அக்கா ஒண்ணும் பேசல. அடுத்த வாரமும் வந்தாங்க, அதுக்கு அடுத்த வாரமும். டீச்சர் வரிசையா பேர் கூப்பிடும்போது அக்கா பேரையும் கூப்பிடுவாங்க. அஞ்சு வினாடி காத்திருப்பாங்க. பதில் வராது. "சரிம்மா"ன்னுட்டு அடுத்த பேருக்குப் போவாங்க. கூப்பிடாம விட்டதே இல்ல. ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, மைக் திறந்துச்சு. ரெண்டு அடி பாடினாங்க, மூணாவதுல குரல் உடைஞ்சுது, நிறுத்திட்டாங்க. டீச்சர் மூணாவது அடியை எடுத்துக் கொடுத்தாங்க. அக்கா அதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடி முடிச்சாங்க. பின்னாடி அவங்க மகனும் சேர்ந்து பாடறது கேட்டுச்சு.

இதைத்தான் நான் கூட்டத்துல கேட்கப் போறேன். துக்கம் நடந்த வீட்டுக்காரங்க கோயிலுக்கு வரக்கூடாதுன்னு நம்ம வழக்கம் சொல்லுது. சில குடும்பத்துல ஒரு வருஷம்கூட வர மாட்டாங்க. நான் அந்த வழக்கத்தைக் குறை சொல்ல வரல. ஆனா மனுஷனுக்குத் தேவாரம் அதிகமா தேவைப்படற நாள்லதான் அவன் வகுப்புக்கு வர முடியாமப் போறான். பெண்களுக்கு மாசத்துல சில நாள். வெளியில சொல்லாம வகுப்பை விட்டுடுவாங்க, அதனாலயே பாடம் அறுந்துபோகும். பிள்ளை பெத்தவங்களுக்கு ஒரு மாசம். இவங்களுக்கெல்லாம் வீட்டுல இருந்தபடியே ஒரு வகுப்பு இருந்தா எந்த ஆகமத்துக்கும் பங்கம் இல்லையே. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை வச்சிருக்கலாம்னு நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கம் சொல்றதுலயும் உண்மை இருக்கு. சோபாவுல படுத்துக்கிட்டு தேவாரம் கேட்கிறவங்க உண்டு. ஒரு தம்பி மேகி சாப்பிட்டுக்கிட்டே மைக்கைத் திறந்துட்டான், டீச்சர் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. தாளம் போடறது ஆன்லைன்ல சரியா வராது. சனிக்கிழமை மண்டபத்துலதான் வரும். கோயிலுக்கு வந்து, காலைக் கழுவி, கொடிமரத்தைக் கும்பிட்டு, விபூதி வாங்கி, எல்லாரும் ஒரே குரலா பாடற அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது. 2022-ல முதல் தடவை மறுபடி எல்லாரும் மண்டபத்துல உட்கார்ந்து பாடினப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அதை விட்டுட்டு போன்ல பாடுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். பிள்ளைங்க கட்டாயம் மண்டபத்துக்குத்தான் வரணும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஆன்லைன் எல்லாருக்கும் கிடைச்சுதுன்னும் இல்ல. ஒரு வீட்டுல ஒரே போன், மூணு பிள்ளைங்களுக்குப் பள்ளிப் பாடம், அப்பா வெளியில கிராப் ஓட்ட அந்தப் போனையே எடுத்துட்டுப் போவார். அப்படி நாலஞ்சு பிள்ளைங்க எங்க வகுப்புல இருந்து நழுவிட்டாங்க. திரும்ப வந்தவங்க ரெண்டு பேர்தான். அது இன்னும் உறுத்துது.

இப்போ நிலவரம் என்னன்னா, சனிக்கிழமை மண்டபத்துல பழையபடி முப்பது பேர். வெள்ளிக்கிழமை ராத்திரி 8.30-க்கு ஆன்லைன்ல ஒன்பது பேர், சில வாரம் ஆறு பேர். "ஆறு பேருக்கு ஒரு வகுப்பா?"ன்னு கேட்கிறாங்க. ஸூம் கட்டணத்தை ஒரு அன்பர் உபயமா ஏத்துக்கிட்டார், கோயில் கணக்குல ஒரு வெள்ளி போகல. டீச்சர் இதுக்குத் தனியா சம்பளம் வாங்கறதில்ல. அந்த ஆறு பேர்ல பாட்டி இல்ல. போன வருஷம் அவங்க சிவனடி சேர்ந்துட்டாங்க. பேரன் போன்ல அவங்க பாடின குரல்பதிவு அம்பதுக்கு மேல இருக்கு. கருமக்கிரியை அன்னிக்கு வீட்டுல அதைத்தான் போட்டாங்க. தன் பாட்டியோட குரல் அவனுக்கு இருக்கு. எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை?

லாரி அண்ணன் இருக்கார். தாதி இருக்காங்க. முட்டி வலி ஆண்ட்டி இருக்காங்க, இப்போ தம்புரா ஆப் எல்லாம் போட்டுக்கிட்டு நம்மளையே அதட்டறாங்க. அக்காவும் இருக்காங்க, அவங்க சனிக்கிழமையும் வருவாங்க, வெள்ளிக்கிழமையும் வருவாங்க. புதுசா ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க, ஒருத்தர் டயாலிசிஸ் போறவர், வெள்ளிக்கிழமை சிகிச்சை முடிஞ்சு வந்து படுத்துக்கிட்டேதான் பாடுவார். அவரை எழுந்து உட்காரச் சொல்ல டீச்சருக்கே மனசு வரல.

கூட்டம் வர்ற ஞாயிறு காலை 10 மணிக்கு, பூசை முடிஞ்சதும், அன்னதானக் கூடத்துல. உறுப்பினர்கள் தயவுசெய்து வாங்க, உங்க கருத்தைச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இந்த வெள்ளிக்கிழமை 8.30-க்கு ஒரு தடவை வகுப்புல வந்து உட்கார்ந்து பாருங்க. லிங்க் வேணும்னா எனக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க. கௌசிகப் பண்ணுல புதுப் பதிகம் ஆரம்பிக்கிறாங்க, பைரவி ராகம். வர்றவங்க வந்ததும் மியூட் போட்டுக்கங்க. டீச்சர் உங்க பேரையும் கூப்பிடுவாங்க, தயாரா வாங்க.

திருச்சிற்றம்பலம்.